உதவி நாய் வந்த பிறகு உங்கள் வீட்டில் உண்மையில் என்ன மாறியது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வாசல்மணி

எங்கள் மகனுக்கு ஏழு வயது. ஆட்டிசம் உள்ளவன். பேச்சு மிகக் குறைவு, ஓட்டம் மிக அதிகம். தாழ்ப்பாள் அசையும் சத்தம் கேட்டால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே பாய்ந்துவிடுவான். இரண்டு முறை நடுச்சாலையிலிருந்து தூக்கி வந்திருக்கிறோம். ஒரு முறை குளக்கரையில், முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். அன்றிலிருந்து இரவில் ஒரு பருத்தி நாடாவை என் மணிக்கட்டில் கட்டி, மறுமுனையை அவன் கணுக்காலில் தளர்வாக முடிந்துகொண்டுதான் படுக்கிறேன். அவன் புரண்டால் நான் விழிப்பேன். மூன்று ஆண்டுகளாக இப்படித்தான் போகிறது.

உதவி நாய்க்காகக் காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் முறை வந்துவிட்டது என்று போன வாரம் கடிதம் வந்தது. படித்ததும் அழுதுவிட்டேன். இப்போது பயமாக இருக்கிறது. படங்களில் எல்லாம் குழந்தை நாயைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறது. அந்தப் படம் எடுத்து முடித்த பிறகு வீட்டில் என்ன நடக்கிறது? ஓட்டம் நிற்குமா? நாயை யார் பார்த்துக்கொள்வது? அவன் அதைத் திரும்பியே பார்க்கவில்லை என்றால்? ஏற்கெனவே மூச்சு முட்டுகிறது, இன்னும் ஓர் உயிரையா என்று என் கணவர் கேட்கிறார். அவர் கேட்பதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பத்து வயது மகளும் இருக்கிறாள். அவளுக்கு நாங்கள் கொடுக்கும் நேரமே குறைவு.

---

கரியன்வீடு

சகோதரி, அந்த நாடாவைப் படித்ததும் என் மணிக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். நான் கதவுக்குக் குறுக்கே பாய் விரித்துப் படுத்தவள்.

எங்கள் வீட்டுக்குக் கறுப்பு லாப்ரடார் வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கரியன் என்று கூப்பிடுகிறோம். உங்கள் முதல் கேள்விக்கு முதலில் வருகிறேன். ஓட வேண்டும் என்ற எண்ணம் என் மகனுக்கு இன்னும் இருக்கிறது. ஓட முடியாமல் போவதுதான் மாறியது. வெளியே போகும்போது அவன் இடுப்பில் ஒரு பட்டை. அதிலிருந்து ஒரு குட்டை வார் கரியனின் மார்புவாரில் சேர்கிறது. கரியனின் கழுத்திலிருந்து வரும் நீண்ட வார் என் கையில். மகன் திடீரென இழுத்தால் கரியன் பின்னங்கால்களை மடக்கிக் கல் மாதிரி உட்கார்ந்துவிடும். நான் கத்த வேண்டியதில்லை, கையைப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது வாரம் நடந்ததைச் சொல்கிறேன். நடைபாதையில் போய்க்கொண்டிருந்தோம். எதிர்ப்புறம் தண்ணீர் லாரி ஒன்று குழாயைத் திறந்துவிட்டது. தண்ணீர் என்றால் அவனுக்கு உயிர். பாய்ந்தான். கரியன் உட்கார்ந்தது. வார் விறைத்தது, அவன் ஒரு முழம் போய் நின்றான். திரும்பிக் கரியனைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை, கவனியுங்கள். நான் பிடித்திருந்தால் என் கையைக் கடித்திருப்பான், தரையில் விழுந்து தலையை இடித்திருப்பான், முக்கால் மணி நேரம் போயிருக்கும். நாய் உட்கார்ந்ததை அவன் சண்டையாக எடுத்துக்கொள்ளவில்லை. கரியனின் காது மடிப்புக்குள் ஆள்காட்டி விரலை நுழைத்து வைத்துக்கொண்டு, லாரி போகும் வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நானும் நின்றேன். வெளியே வந்த இடத்தில் சும்மா நிற்பது என்பது எனக்கு எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு!

உங்கள் கணவரின் கேள்விக்கு என் பதில்: ஆம், இன்னோர் உயிர்தான். காலையும் மாலையும் நடை, குளியல், நகம், பல், காது, கால்நடை மருத்துவர், தினமும் பயிற்சியை ஒரு முறை ஓட்டிப் பார்த்தல். எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். முதல் இரண்டு மாதம் இதை ஏன் வாங்கினோம் என்று நான் அழுதேன். மூன்றாவது மாதம் ஒரு காலை ஏழு மணிக்கு விழித்தேன். ஏழு மணிக்கு! யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து ஓடினேன். மகன் கரியனின் முதுகில் கால் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

---

பழையபயிற்றுநர்

இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். கரியன்வீடு சொன்னவற்றுடன் சில விஷயங்களைச் சேர்க்கிறேன்.

இணைப்பு வார் போட்டிருக்கும்போது நாயின் வார் ஒரு பெரியவர் கையில் இருந்தே ஆக வேண்டும். குழந்தையையும் நாயையும் கட்டிவிட்டு நீங்கள் இரண்டு அடி விலகி நிற்பது கூடாது. வீட்டுக்குள் அந்த வாரே வேண்டாம். குழந்தை நாயைவிடக் கனமாக வளர்ந்துவிட்டால் அதை நிறுத்திவிட வேண்டும். இழுபடுவது நாயின் முதுகெலும்பு. நாய்க்குக் கட்டளை கொடுப்பவர் நீங்கள், வேலை நடப்பது மகனுக்காக. கண் தெரியாத பெரியவருக்கான வழிகாட்டி நாயிலிருந்து இது வேறுபடும் இடம் இதுதான். இதைப் புரிந்துகொள்ளாமல் வரும் பெற்றோர்தான் முதல் மாதத்தில் திண்டாடுகிறார்கள்.

வழிகாட்டி நாய்களுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் 1916-ல் முதல் பள்ளி தொடங்கப்பட்டது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கென்று நாய்களைப் பழக்குவதோ 1990களில் கனடாவில்தான் சூடு பிடித்தது. ஆகவே இது இன்னும் இளம் துறை. நாய் வந்தால் பேச்சு வரும், படிப்பு வரும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நான் மதிக்கும் ஓர் ஆய்வைச் சொல்கிறேன். மான்ட்ரியாலில் 42 குழந்தைகளிடம் செய்து 2010-ல் வெளியிட்டார்கள். காலையில் விழித்த அரை மணி நேரத்துக்குள் உடலில் கார்ட்டிசால் என்ற சுரப்பு ஏறும். மன அழுத்தத்தோடு தொடர்புள்ள சுரப்பு அது. நாய் வருமுன் அந்தக் குழந்தைகளுக்கு அது 58 சதவீதம் ஏறியது. நாய் வீட்டில் இருந்தபோது 10 சதவீதம்தான் ஏறியது. சில வாரங்களுக்குப் பிறகு நாயை எடுத்துக்கொண்டதும் மறுபடியும் 48 சதவீதம். நாள் முழுவதுக்குமான சராசரி அளவில் மாற்றம் இல்லை என்பதையும் அவர்களே சொன்னார்கள். அந்த எண்களைப் பார்க்கும்போதெல்லாம், நாயைத் திரும்ப எடுத்துக்கொண்ட அந்த நாளைத்தான் நான் நினைக்கிறேன். குழந்தையின் உடல் அதை உணர்ந்திருக்கிறது.

---

மூத்தவள்

எனக்கு இருபத்து மூன்று வயது. என் தம்பிக்காக நாய் வந்தபோது எனக்குப் பதினொன்று. உங்கள் மகளைப் பற்றி எழுதியிருந்ததால்தான் பேசுகிறேன், அக்கா.

முதலில் எனக்கு ஆத்திரம். நாய்க்குட்டி வேண்டும் என்று ஐந்து வயதிலிருந்து கேட்டவள் நான். வந்ததோ அவனுக்கு. தொடாதே, வேலையில் இருக்கிறது, கூப்பிடாதே, அவனிடம் போகட்டும் என்று வீடு முழுக்க எனக்குத் தடை. ஒரு நாள் அம்மா என்னிடம் வந்து, மாலையில் மார்புவாரைக் கழற்றிய பிறகு அரை மணி நேரம் அது உன்னுடையது என்றார். பின்கட்டில் பந்து எறிவேன். அந்த அரை மணி நேரத்தில் யாரும் என்னைக் கூப்பிடமாட்டார்கள். அம்மா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக எனக்கு நினைவிருக்கும் முதல் நாட்கள் அவைதான்.

இன்னொன்று. அதுவரை பள்ளி ஆண்டு விழாவுக்கு அப்பா மட்டும் வருவார், அல்லது அம்மா மட்டும். நாய் வந்த அடுத்த ஆண்டு நான்கு பேரும் வந்தார்கள். கடைசி வரிசையில், தம்பி தரையில் நாயின் மேல் சாய்ந்து படுத்திருந்தான். நான் மேடையில் இருந்து எண்ணிப் பார்த்தேன், நான்கு தலை. உங்கள் மகளுக்கும் அந்த அரை மணி நேரத்தைக் கொடுத்துவிடுங்கள். முதல் நாளிலிருந்தே கொடுங்கள்.

---

ஏரிக்கரை

எங்கள் வீட்டில் இது பலிக்கவில்லை. அதையும் யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் மகனுக்கு உரத்த சத்தம் தாங்காது. வந்த நாய் குரைக்கவே குரைக்காது. ஆனால் உடம்பை உலுக்கும்போது கழுத்துப்பட்டை கிலுங்கும், தரையில் நகம் டிக் டிக் என்று கேட்கும், தண்ணீர் குடிக்கும் சத்தம் வரும். இது எதையும் நாங்கள் யோசித்திருக்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டு அறைக்குள் போய்விடுவான். எட்டாவது வாரம் நாயின் விலாவில் உதைத்தான். நாய் ஒன்றும் செய்யவில்லை, மூலையில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. அந்த முதுகை என்னால் பார்க்க முடியவில்லை. அடுத்த வாரம் திருப்பிக் கொடுத்துவிட்டோம். என் மனைவி இன்றுவரை அதைப் பற்றிப் பேசுவதில்லை.

காத்திருந்த ஆண்டுகளில் செய்திருக்க வேண்டியதை எல்லாம் நாய் வரட்டும் என்று தள்ளிப்போட்டோம். உயரத்தில் தாழ்ப்பாள், கதவில் ஒலிப்பான், நீச்சல் பயிற்சி, அக்கம்பக்கத்தாரிடம் மகனின் படத்தைக் கொடுத்து வைப்பது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் நான்கு வயதுக்குமேல் ஒரு முறையாவது ஓடிப்போக முயன்றவர்கள் 49 சதவீதம் என்று 2012-ல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. ஏறக்குறைய பாதிப் பேர். அத்தனை வீடுகளுக்கும் நாய் கிடைக்காது. குளக்கரை என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து நாய்க்குக் காத்திராமல் நீச்சலைத் தொடங்கிவிடுங்கள்.

---

கரியன்வீடு

அண்ணா, நீங்கள் திருப்பிக் கொடுத்தது அந்த நாய்க்குச் செய்த நல்லது. உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். நீச்சல் பற்றிச் சொன்னதை நானும் வழிமொழிகிறேன்.

---

பழையபயிற்றுநர்

நானும்தான். நகச் சத்தம் பற்றி ஏரிக்கரை எழுதியதைப் பயிற்சி மையங்களில் சுவரில் ஒட்ட வேண்டும். கழுத்துப்பட்டையில் தொங்கும் பதக்கங்களைக் கழற்றித் துணிப் பட்டையில் தைத்துவிடலாம், நடக்கும் இடத்தில் விரிப்புப் போடலாம். இதையெல்லாம் மையம் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். நாயை வீட்டுக்கு அனுப்பும் முன் குழந்தையை மூன்று நான்கு முறை அந்த நாயோடு ஒரே அறையில் இருக்கவைத்துப் பார்க்க வேண்டும். வாசல்மணி, இதை உங்கள் மையத்திடம் கேட்டுப் பெறுங்கள்.

நாயின் பக்கத்தையும் யாராவது பேச வேண்டும். கனடாவில் இப்படிப்பட்ட 10 குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து 2008-ல் எழுதினார்கள். குடும்பங்களுக்குப் பாதுகாப்பும் உறக்கமும் கிடைத்ததைச் சொன்ன அதே ஆய்வாளர்கள், நாய்களுக்கு வேலைக்குப் பிறகு போதிய ஓய்வு கிடைக்காததையும், விளையாட்டு குறைந்துபோனதையும், குழந்தைகள் தெரியாமல் குத்துவதையும் கிள்ளுவதையும் எழுதினார்கள். இந்த நாய்கள் புகார் சொல்லாது. புகார் சொல்லாத இயல்புக்காகத்தானே பொறுக்கி எடுத்தோம். எட்டு வாரக் குட்டியாக ஒரு தன்னார்வக் குடும்பத்திடம் போய், ஏறக்குறைய ஒன்றேகால் வயதில் மையத்துக்குத் திரும்பி, மாதக்கணக்கில் பழகி, பலவும் தேறாமல் போக, எஞ்சியதுதான் உங்கள் வாசலுக்கு வருகிறது. பூனைக்குப் பின்னால் ஓடும் நாய் தேறாது, இடிச்சத்தத்துக்கு நடுங்கும் நாய் தேறாது. இவ்வளவு பொறுமையான உயிருக்கு நாம்தான் வாயாக இருக்க வேண்டும்.

---

சக்கரநாற்காலி

எங்கள் கதை வேறு, ஆட்டிசம் இல்லை. மகளுக்கு மூளை முடக்குவாதம், ஒன்பது வயது, சக்கர நாற்காலி. நாய் கீழே விழுந்த பென்சிலை எடுத்துக் கொடுக்கும், கதவை இழுத்துத் திறக்கும், காலணியைக் கழற்றும். இவை எல்லாம் நான் செய்துகொண்டிருந்தவைதான். மகளுக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறு. முன்பெல்லாம் பூங்காவுக்குப் போனால் பெரியவர்கள் என்னிடம் குனிந்து, பாப்பாவுக்கு என்ன ஆயிற்று என்பார்கள். அவள் தலைக்கு மேலேதான் பேச்சு நடக்கும். இப்போது குழந்தைகள் நேராக அவளிடம் வந்து, உன் நாய் பெயர் என்ன என்கிறார்கள். அவளுக்குச் சொற்கள் மெதுவாகத்தான் வரும். பதில் வரும் வரை காத்து நிற்கிறார்கள், நாயைப் பார்த்துக்கொண்டு. நாய் கூட இருந்தால் சக்கர நாற்காலிக் குழந்தைகளிடம் மற்றவர்கள் அதிகம் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள் என்று 1989-லேயே ஓர் ஆய்வு வந்திருக்கிறது. நான் அதைப் பின்னால்தான் படித்தேன். பூங்காவில் முன்பே பார்த்துவிட்டேன்.

பள்ளியில்தான் முட்டுக்கட்டை. உதவியாளர் ஒருவரை வைத்திருக்கிறோமே, நாய் எதற்கு என்றார்கள். அவளே கதவைத் திறப்பதும், அவளுக்காக ஒருவர் திறந்துவிடுவதும் ஒன்றா? அமெரிக்காவில் இதே நோயுள்ள ஒரு சிறுமிக்கு இதே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. புகார் கல்வித் தரம் பற்றியதாக இல்லாமல் பாகுபாடு பற்றியது என்றால், சிறப்புக் கல்விச் சட்டத்தின் படிகளை எல்லாம் ஏறி முடித்துவிட்டுத்தான் வழக்குத் தொடுக்க வேண்டும் என்பதில்லை என்று 2017-ல் தீர்ப்பு வந்தது. எங்களுக்கு ஏழு மாதப் பேச்சுக்குப் பிறகு, வாரத்தில் மூன்று நாள் என்று தொடங்கினார்கள். இப்போது ஐந்து நாளும் போகிறது. நாய் வருமுன்னே பள்ளியிடம் எழுத்தில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

---

இரவுவிளக்கு

இடையில் புகுவதற்கு மன்னியுங்கள். மகனுக்கு முதல் வகை நீரிழிவு. இரவில் சர்க்கரை இறங்கினால் எழுப்பும் நாய்கள் இருக்கின்றனவாமே, அதை வைத்துக்கொண்டு அளவுக்கருவியை விட்டுவிடலாமா?

---

பழையபயிற்றுநர்

விடக்கூடாது. சர்க்கரை இறங்கும்போது மூச்சில் ஐசோபிரீன் என்ற பொருள் கூடுவதை 2016-ல் கேம்பிரிட்ஜில் கண்டார்கள், நாய் அதை மோப்பம் பிடிக்கலாம் என்பது ஊகம். சில நாய்கள் அபாரமாகச் செய்யும். அதே நாய் களைத்துத் தூங்கும் இரவும் உண்டு. கருவி இருக்கட்டும், நாய் கூடுதல் துணை. வேறு இழை தொடங்குங்கள், அங்கே விரிவாக எழுதுகிறேன்.

---

வாசல்மணி

எல்லோருக்கும் நன்றி. இழை முழுவதையும் கணவரும் நானும் சேர்ந்து படித்தோம். ஏரிக்கரை அண்ணா எழுதியதைப் படித்த பிறகுதான் அவர் சரி, போய்ப் பார்ப்போம் என்றார். மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள், அந்த நம்பிக்கையில்தான் சொன்னார். நீச்சலுக்குப் பெயர் கொடுத்துவிட்டோம். ஒரு கேள்வி மட்டும். நாய்க்கு வயதானால்?

---

கரியன்வீடு

பெரும்பாலும் எட்டு முதல் பத்து வயதுக்குள் வேலையிலிருந்து விடுவிக்கிறார்கள். கரியனுக்கு ஆறு முடிகிறது. முகவாயில் நரை வந்துவிட்டது. அதைப் பற்றி இப்போது எழுத என்னால் முடியவில்லை, சகோதரி. எங்கள் வீட்டிலேயே இருக்கும் என்பது மட்டும் முடிவாகிவிட்டது.

---

வாசல்மணி

ஐந்து மாதங்களுக்குப் பிறகு வருகிறேன். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுதாமல் விட்டதற்கு மன்னியுங்கள்.

பொன்னிற லாப்ரடார், பெண். முதல் மூன்று வாரம் மகன் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலியைச் சுற்றிப் போவதுபோல் சுற்றிப் போனான். நான் பயந்தது அப்படியே நடக்கிறது என்று நினைத்தேன். நான்காவது வாரம் அது தூங்கும்போது பக்கத்தில் படுத்து, அதன் மூச்சோடு சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அரை மணி நேரம். மகள்தான் முதலில் பார்த்து, என் புடவையை இழுத்துக் காட்டினாள்.

கடைத்தெருவில் நான்கு முறை பாய்ந்திருக்கிறான், நான்கு முறையும் நாய் உட்கார்ந்தது. ஒரு முறை என் கணவர் பிடித்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் நாயின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார், நெடுநேரம் எழவில்லை. காலை நடைக்கு இப்போது அவர்தான் கூட்டிப்போகிறார்.

போன மாதம் ஓர் இரவு நாடாவைக் கட்டாமல் படுத்தேன். மூன்று முறை நானாகவே விழித்தேன். மறுநாள் இரண்டு முறை. இன்னும் முழு இரவு வரவில்லை. கதவு ஒலிப்பானும் இருக்கிறது, தாழ்ப்பாளும் இருக்கிறது, எதையும் கழற்றப்போவதில்லை.

ஒரு கவலை. கொஞ்ச நாளாக அவன் உள்ளங்கையை நாயின் கண்கள் மேல் வைத்து அழுத்துகிறான். அன்பாகத்தான் செய்கிறான், இமைமுடி கையில் படுவது பிடித்திருக்கிறது. நாய் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, உதட்டை நக்குகிறது, ஆனால் எழுந்து போவதில்லை. விடலாமா?

---

பழையபயிற்றுநர்

விடாதீர்கள். முகத்தைத் திருப்புவதும் உதட்டை நக்குவதும் அது போதும் என்று சொல்வது. எழுந்து போகாததற்குக் காரணம், போகலாம் என்று அதற்குத் தெரியாது. ஒரு விரிப்பை மகன் போகாத மூலையில் போடுங்கள். அவன் கை கண்ணுக்குப் போகும் நேரம் நாயைப் பெயர் சொல்லி அழைத்து அந்த விரிப்புக்கு அனுப்புங்கள். ஒரு வாரத்தில் தானாகப் போகும். மகனுக்கு இமைமுடி போன்ற உணர்வு வேண்டும் என்றால், மென்மையான தூரிகை ஒன்றைக் கையில் கொடுத்து நாயின் தோளில் வாரச் சொல்லுங்கள். தோளைத் தொடுவது பெரும்பாலான நாய்களுக்குப் பிடிக்கும்.

---

வாசல்மணி

விரிப்பை மகளின் மேசைக்குக் கீழே போட்டிருக்கிறோம், அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். விரிப்பில் படுத்தால் அம்மாகூடக் கூப்பிடக்கூடாது என்று ஒரு தாளில் எழுதி மேசை விளிம்பில் ஒட்டியிருக்கிறாள். தூரிகை வாங்க நாளை போகிறேன்.